ஆர்க்டிக் காற்றில் ஆலைப் புகை உண்டு

"ஆர்க்டிக்கில் ஆலையே கிடையாது, அங்கே தெரியும் மூட்டம் இயற்கைத் தூசுதான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே ரஷ்யாவின் நோரில்ஸ்க் இருக்கிறது. அங்குள்ள நிக்கல், செம்பு உருக்காலைகள் பல காலம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் கந்தக டைஆக்சைடை வெளியே விட்டன. அந்த வாயு காற்றிலேயே மாறி சல்பேட் நுண்துகளாகிறது. அப்புறம், ஐரோப்பிய, ரஷ்ய ஆலைகளின் புகையும் குளிர்காலத்தில் வடக்கே போய்ச் சேர்கிறது. இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடு எரியும் புகை நம் புளோக் வரை வந்து கண்ணை எரிக்கிறதே, அதுபோலத்தான்.

அங்கே சிக்கல் இன்னும் மோசம். கடும் குளிரில் தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் தேங்கிவிடும். துகள்களைக் கழுவ மழையோ பனியோ போதுமான அளவு பெய்யாது. அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூட்டம் அடர்த்தி. 1950களிலேயே அமெரிக்க வானிலை விமானிகள் அதைக் கவனித்துச் சொன்னார்கள். அதிலுள்ள கரித்துகள் பனிமேல் படிந்தால், வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கும்.

சரி, அந்த மூட்டம் இயற்கைத் தூசு இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? சோவியத் சிதைவுக்குப் பின் அங்கே தொழில் படுத்தது, ஐரோப்பாவும் கந்தகத்தைக் கட்டுப்படுத்தியது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள அலர்ட் நிலையத்தில் அளந்த சல்பேட்டும் 1990களில் கூடவே குறைந்தது. இயற்கைத் தூசாக இருந்தால் அப்படிக் கூடவே குறைந்திருக்காது.