சைக்கிள் பின்சக்கர டிஸ்க் பற்றி ஒரு திருத்தம்

டிஸ்க் வீல் என்றால் கம்பிகள் தெரியாமல் முழுத் தட்டாக மூடிய பந்தய சைக்கிள் சக்கரம். "பக்கக்காற்றில் டிஸ்க் வீல் ஆளையே தள்ளிவிடும், பின்னால் போடாதீங்க, முன்னால் 80 மி.மீ. உயர ரிம் போட்டால் போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தலைகீழ். நம்பி யாரும் வாங்கிவிட வேண்டாம்.

பின்சக்கரம் திரும்பாது. அதில் படும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளும், அவ்வளவுதான். முன்சக்கரம் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது. ரிம் உயரம் கூடக் கூட காற்று அதைப் பிடித்துத் திருப்பும். ஏரோபாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட முன்னால் நீட்டிய கைப்பிடி) கைகள் ஒட்டி இருக்கும்போது அந்த வெட்டைச் சமாளிப்பது இன்னும் கடினம். எனக்கே நடந்தது: லாரி ஒன்று முந்திப் போன நொடியில் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பி, சாலையோர வெள்ளைக் கோடுவரை போய்விட்டேன். பின்னால் அதே டிஸ்க்கோடு முன்னால் 50 மி.மீ. ரிம்முக்கு மாறிய பிறகு அந்தப் பயமே இல்லை.

ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) பல ஆண்டுகள் டிஸ்க்குக்குத் தடை இருந்தது உண்மை. அது நடக்கும் கோனாவின் எரிமலைப்பாறை வெளிகளில் அடிக்கும் காற்று அப்படி. எல்லாச் சாலைக்கும் அதை அளவுகோலாக்க முடியாது.

பணம் இடித்தால், இருக்கும் பின்சக்கரத்துக்கே கம்பிகளை மூடும் டிஸ்க் கவர் மாட்டலாம். உங்கள் போட்டி விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.