ஏட்டுச் சுரைக்காய்க்கு 261 போடாதீங்க

மாசம் 30 ஆனா போதும். கோவைப் பக்கம் எஸ்.ஏ.பி. (ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் பாக்கிற மென்பொருள்) ஓடுற மோட்டார் பம்ப் கம்பெனிகள்ல இந்தக் கூத்து ஆரம்பிச்சிரும். ஸ்டோர்ஸ், பிளானிங், அக்கவுன்ட்ஸ்னு மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே ஸ்கிரீனைச் சுத்தி நின்னு, கோகியில, அதாவது பதிவாகாம நின்னுபோன பொருள் கணக்கெல்லாம் சேர்ற ஸ்கிரீன்ல, தேங்கிக் கிடக்கிற வரிகளை எப்படிக் காலி பண்றதுன்னு மண்டையை உடைச்சுக்கும். அந்தப் பொருள் எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வரி காலியாகணும், அவ்வளவுதான்.

அந்த வரிகளைப் பெத்துப் போடற பேக்ஃபிளஷ்னா என்னன்னு நினைச்சுட்டு இருக்கீங்க? பி.ஓ.எம்.ல (என்னென்ன பொருள் எவ்வளவு வேணும்கிற பட்டியல்) ஒரு மோட்டாருக்கு 2.1 கிலோ காப்பர் கம்பின்னு இருக்குன்னு வைங்க. சி.ஓ.11.என்-ல (உற்பத்தி முடிஞ்சதைப் பதியற ஸ்கிரீன்) 50 மோட்டார் முடிஞ்சதுன்னு கன்ஃபர்ம் பண்ணினதும் சிஸ்டம் தானா 105 கிலோவுக்கு 261, அதாவது உற்பத்தி ஆர்டருக்குப் பொருள் செலவான பதிவைப் போட்டுரும். தராசை யாரும் தொடலை. வைண்டிங் மேசையில நிஜமா போனது 112 கிலோவா இருக்கலாம். அந்த 105, செலவானதோட கணக்கே இல்லை. இவ்வளவுதான் செலவாகணும்னு டிசைன் ஆள் எப்பவோ எழுதி வெச்ச கணக்கு. ஏட்டுச் சுரைக்காயை அரிஞ்சு குழம்பு வெச்சுட்டு, உப்பு பத்தலைன்னு மீட்டிங் வேற போடறோம். கிலோ ஆயிரம்னு வெச்சாலும் ஒரு ஆர்டருக்கு 7,000 ரூபாய் கம்பி தரையில இல்லை. சிஸ்டத்துல மட்டும் ரேக்ல பத்திரமா இருக்கு.

சரி, கோகிக்கு வருவோம். மெயின் ஸ்டோர்ஸ்ல இருந்து ஷாப் லொகேஷனுக்கு (வேலை நடக்கிற இடத்தோட ஸ்டாக் கணக்கு) 311, அதாவது இடம் மாத்தற பதிவு, போடாமலே ரீலைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. கன்ஃபர்மேஷன் வரும்போது ஷாப் லொகேஷன்ல ஸ்டாக் இருக்காது. சிஸ்டம் என்ன பண்ணும்? கன்ஃபர்மேஷனை ஏத்துக்கும், கம்பியோட 261-ஐ மட்டும் கோகியில தள்ளி வெச்சிரும். ஸ்டாக் இன்னும் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன்லயே இருந்தாலும் இதே கதை, பேட்ச் நம்பர் கிடைக்கலைன்னாலும் இதே கதை. அன்னிக்கே திறந்து பார்த்தா ஒரு 311 போட்டு அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை. முப்பது நாள் ஊறப் போட்டா? பீரியட் மூடிருவாங்க. எம்.எம்.பி.வி. (ஸ்டாக் கணக்கை அடுத்த மாசத்துக்கு நகர்த்தற வேலை) ஓடினப்புறம் நடப்பு மாசமும் முந்தின மாசமும்தான் திறந்திருக்கும், சில இடத்துல முந்தின மாசத்தையும் பூட்டி வெச்சிருப்பாங்க. அப்புறம் தேதியை மாத்திப் போடணும். ஜூன்ல சுத்தின கம்பி ஆகஸ்ட்ல செலவாகும். ஆகஸ்ட் மாச சூப்பர்வைசர் பாவம் பதில் சொல்லிட்டு நிப்பாரு.

இதைவிடக் கொடுமை ரெண்டு இருக்கு. ஒண்ணு, 701 (எண்ணிப் பார்த்ததுல ஸ்டாக் அதிகமா இருந்துச்சுங்கிற பதிவு) போட்டு இல்லாத ஸ்டாக்கை வரவழைச்சு கோகியைப் பாஸ் பண்றது. இன்னொண்ணு, வரியையே டிலீட் பண்றது. டிலீட் பண்ணினா அந்த ஆர்டருக்குக் கம்பியே போகலைன்னு அர்த்தம். மோட்டார் காத்துல சுத்தினதா? ஆர்டர் காஸ்ட் குறையும், வேரியன்ஸ் (திட்டத்துக்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்) நமக்குச் சாதகமா வரும், ரிவ்யூவில கை தட்டுவாங்க. வருஷக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போது 702-ல (ஸ்டாக் குறையுதுங்கிற பதிவு) எல்லாம் மொத்தமா வெளிய வரும், பழி ஸ்டோர்ஸ் தலையில விழும்.

மாத்துக் கம்பி விஷயத்துல நடக்கிற அநியாயம் தனி. 22 கேஜ் (கம்பியோட தடிமன் எண்) தீர்ந்து போச்சுன்னா வைண்டர் என்ன பண்ணுவாரு? 25 கேஜ் ரெண்டு இழை சேர்த்துச் சுத்துவாரு. 22 கேஜ் விட்டம் 0.711 மி.மீ., 25 கேஜ் 0.508. குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட சமம். ஸ்லாட்ல இடம் இருந்தா தொழில்ரீதியா சரியான வேலைதான், அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா கன்ஃபர்ம் பண்றவர் கண்ணை மூடிட்டு சேவ் அமுக்கறாரு. சிஸ்டம் 22 கேஜையே கேக்கும், அது இருக்காது, கோகிக்குப் போகும். 25 கேஜ் ஸ்டாக் குறையவே குறையாது. எம்.ஆர்.பி. (எதை எவ்வளவு வாங்கணும்னு சிஸ்டம் போடற கணக்கு) 22-ஐ அள்ளி அள்ளி வாங்கச் சொல்லும், 25 தேவைக்கு மேல இருக்குன்னு அடிச்சுச் சொல்லும். ரெண்டு வாரம் கழிச்சு 25 கேஜ் இல்லாம லைன் நிக்கும், பர்ச்சேஸ்காரருக்குத் திட்டு விழும். சி.ஓ.11.என்-லயே கூட்ஸ் மூவ்மென்ட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு. சேவ் பண்றதுக்கு முன்னாடி அதைத் திறந்து, 22 வரியை எடுத்துட்டு, 25-ஐ எடையோட போடலாம். மாத்து முன்கூட்டியே தெரிஞ்சா சி.ஓ.02-ல (ஆர்டரைத் திருத்தற ஸ்கிரீன்) ஆர்டரோட காம்பொனென்ட் லிஸ்ட்லயே மாத்திரலாம். அந்தப் பட்டன் என்ன கண்காட்சிக்கா?

எடை போடற லட்சணம் அதுக்கு மேல. ரீலோட நிறுத்து, காலி ரீல் எடையைக் கழிக்காம அப்படியே இஷ்யூ. முழு ரீலையும் ஆர்டர்ல தள்ளிட்டு மிச்சத்தை 262-ல (261-ஐத் திருப்பற பதிவு) திருப்பாம அடுத்த ஆர்டருக்குத் திருட்டுத்தனமா ஓட்டறது. முதல் ஆர்டர் நஷ்டம், ரெண்டாவது அமோக லாபம்! செய்ய வேண்டியது இத்தனைதான்: காலி ரீல் எடையை ரீல் பக்கவாட்டுல மார்க்கர்ல எழுதிடுங்க. ஆரம்பிக்கும்போது ஒரு எடை, ஆர்டர் முடியும்போது ஒரு எடை. வித்தியாசத்தை அன்னிக்கு ஷிஃப்ட்லயே மிகோவில (பொருள் வரவு செலவைக் கையால பதியற ஸ்கிரீன்) 261 போடுங்க. முன்னும் பின்னும் ரீலோடவே நிறுத்தா ரீல் எடை தானா கழிஞ்சிரும்; மார்க்கர் எண் பாதி ரீலை ஸ்டோர்ஸுக்குத் திருப்பும்போதுதான் வேணும்.

டெஸ்ட்ல ஃபெயிலாகி ரீவைண்டிங் போற ஸ்டேட்டருக்கு (மோட்டார்ல கம்பி சுத்தின, சுழலாத பகுதி) ரெண்டாவது தடவை போற கம்பி எந்த ஆர்டர்லயும் ஏறாது. 50-க்கு 48 தேறினா 48-ன்னு மட்டும் அடிச்சுட்டு, அந்த 2-ஐ ஸ்க்ராப் கட்டத்துல போட மாட்டாங்க. போட்டிருந்தா பேக்ஃபிளஷ் 50-க்கும் எடுத்திருக்கும்.

இதுல சிலர் புத்திசாலித்தனமா பி.ஓ.எம்.ல 5 சதவீதம் காம்பொனென்ட் ஸ்க்ராப் போட்டு வைப்பாங்க. நல்லதுதான். ஆனா அந்த 2.1 கிலோவே 2 கிலோவோட 5 சதவீதம் சேர்த்து எழுதினது! சேதாரத்துக்கு மேல சேதாரம். நகைக் கடைக்காரர்கூட இவ்வளவு துணிய மாட்டாரு.

பேக்ஃபிளஷே வேண்டாம்னு சொல்லலை. பேரிங், மெக்கானிக்கல் சீல், கெபாசிட்டர் மாதிரி எண்ணி எடுக்கிற பொருளுக்கு அது அருமையான வசதி. கம்பி, வார்னிஷ், அலுமினிய இங்காட் மாதிரி நிறுத்து அளந்து எடுக்கிறதுக்குத்தான் ஆகாது. மெட்டீரியல் மாஸ்டர்ல எம்.ஆர்.பி. 2 வியூவில பேக்ஃபிளஷ் கட்டத்தைக் காலியா விடுங்க, ரூட்டிங்லயும் (வேலைப் படிகளை வரிசையா எழுதின பதிவு) டிக் இருக்கான்னு பார்த்து எடுங்க. அங்க டிக் இருந்தா இங்க காலி பண்ணியும் பிரயோஜனம் இல்லை.

டாலி மென்பொருள்ல கணக்கு வெச்சிருக்கிறவங்க சிரிக்க வேண்டாம். மாசம் பூரா உற்பத்திக்கும் கடைசி நாள் ஒரே ஒரு மேனுஃபேக்சரிங் ஜர்னல் (உற்பத்திக்குப் போன பொருளையும் வந்த பொருளையும் எழுதற பதிவு) போடறது இதைவிட மோசம். ஓடூங்கிற இன்னொரு மென்பொருள்ல, பி.ஓ.எம்.லயே அளவு மாறுற கன்சம்ப்ஷனைத் தடுக்கவா, எச்சரிக்கையோட விடவா, சும்மா விடவான்னு கேக்கும். தொல்லை வேண்டாம்னு சும்மா விட்டுட்டு, அப்புறம் மென்பொருள் சரியில்லைன்னு புலம்பறது.

வெட்டின கம்பித் துண்டெல்லாம் வைண்டிங் ரூம் மூலையில கோணிச்சாக்குல சேருது. அதை பி.ஓ.எம்.ல மைனஸ் அளவுல ஒரு வரியா வெச்சு 531-ல (உற்பத்தியில கிடைக்கிற உபபொருளை வரவு வெக்கிற பதிவு) உள்ள எடுக்கலாம், எடுக்கறதில்லை. மாசம் ஒரு தடவை ஸ்க்ராப் வியாபாரி வருவாரு. சொந்தத் தராசு கொண்டு வந்து, சாக்கு எடையைக் கழிச்சு, கிராம் சுத்தமா எழுதி எடுத்துட்டுப் போவாரு. அந்தக் காம்பவுண்டுக்குள்ள காப்பரை ஒழுங்கா நிறுத்த ஒரே ஆள் அவருதான்.