கிளட்ச் ஸ்லிப்புக்கு கேபிளை இறுக்கக் கூடாது

கிளட்ச் ஸ்லிப் ஆனால், அதாவது கிளட்ச் பிடி வழுக்கி இன்ஜின் சக்தி சக்கரத்துக்கு முழுதாகப் போகாவிட்டால், “கேபிளை இறுக்கினால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அது நேர் எதிரான வேலை. மாருதி 800, ஆம்னி போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் கிளட்ச் டிஸ்க் தேயத் தேய பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) தானாகவே குறையும். அது அறவே போய்விட்டால், பெடலில் காலே வைக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் தட்டை) அழுத்திக்கொண்டே இருக்கும், டிஸ்க்குக்கு முழுப் பிடி கிடைக்காது. கேபிளை இன்னும் இறுக்கினால் ஸ்லிப் கூடத்தான் செய்யும். தளர்த்தி, மேனுவலில் சொன்ன ஃப்ரீ பிளேயைக் கொண்டுவர வேண்டும். இறுக்குவது, பெடலை முழுக்க மிதித்தும் கியர் கறகறவென்று விழும் வண்டிக்கு.

ஸ்லிப்தானா என்று பார்க்க, நாலாவது கியரில் மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப்தான். ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் அப்படியென்றால் டிஸ்க் தேய்ந்திருக்கும், இல்லை இன்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் கசிந்து டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கும். அப்புறம் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஹைட்ராலிக் கிளட்ச் (திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் கிளட்ச்) வண்டி என்றால் பெரும்பாலும் இறுக்கவோ தளர்த்தவோ கேபிளே கிடையாது.