எங்கள் நெருக்கத்தைக் குறை சொல்லாதீர்கள்

வில்லாக்களைப் புகழும் அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்று முழுக்க அதுதான் சுற்றியது. நெரிசலான பழைய சென்னைதான் கரண்டைத் தின்கிறதாம், ஊருக்கு வெளியே தோட்டத்தோடு தனி வீடு கட்டுவதுதான் பசுமையாம். நான் மதிக்கிறவர்கள்கூட அதற்கு ஆமாம் போட்டிருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீடும் கடையும் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எரிபொருள் குறையும். 1990-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் 28 லட்சம் பேர், அமெரிக்காவின் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர். முன்னது 162 சதுர கிலோமீட்டரில் அடங்கியது, பின்னது 4,280 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. அப்படிப் பரந்த ஊரில் எத்தனை ரயில் விட்டாலும் ஸ்டேஷன் எல்லார் வீட்டருகிலும் வராது, காரை எடுத்தே ஆக வேண்டும்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை, வெயில் படுவது தெருப்பக்கத்திலும் மொட்டை மாடியிலும்தான். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஜாம் பஜாருக்கு நடந்தே போய் வந்துவிடுவார். சித்தப்பா மகன் ஊருக்கு வெளியே கூடுவாஞ்சேரி தாண்டி வீடு கட்டியிருக்கிறான். நல்ல வீடு, வாசலில் முருங்கை, மாடியில் சோலார். ஆனால் நாலு சுவரிலும் வெயில், ரூமுக்கு ஒரு ஏசி, ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் பைக்கை எடுக்க வேண்டும். அவனும் மனைவியும் ஆளுக்கொரு காரில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் தினமும் நிற்கிறார்கள்.

சந்துக்குள் ஏசி தள்ளும் சூடு என்ன ஆகும் என்பீர்கள். உண்மைதான், கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க விடுகிறது. அதற்கு மரமும் மாடியில் வெள்ளைப் பூச்சும் வேண்டும், ஊரையே கலைத்து வெளியே அனுப்பக் கூடாது. அடுக்குமாடியில் லிப்டும் தண்ணீர் மோட்டாரும் கரண்டைத் தின்கிறதே என்பவர்களுக்கு: தனி வீட்டிலும் மோட்டார் ஓடத்தானே செய்கிறது, விடுங்கள். வெளியே இருப்பவர்கள் அதிகம் எரிப்பதற்கு வருமானம்தான் காரணம் என்றால், அதற்கும் பங்குண்டு. ஆனால் அதே சம்பளக்காரர் மெட்ரோ பக்கத்தில் குடியிருந்தால் தினமும் காரை எடுப்பாரா?

இதைவிட வலிப்பது வேறு. கூவம் ஆற்றோரத்தில் இருந்த ஏழைகள் ஊர் ஓரத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்களே, அவர்கள் எவ்வளவு பெட்ரோல் எரித்தார்கள்? அவர்களில் ஒருவர், எங்கள் தெருவுக்கு நடந்து வந்து வேலை பார்த்த அக்கா, இப்போது இருட்டோடு எழுந்து பஸ்சுக்கு நிற்கிறார். அங்கேயும் எட்டு மாடி, நெருக்கமான வீடுகள்தான், ஆனால் அவருடைய வேலை இங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் வேலை இல்லாத நெருக்கத்தால் என்ன மிச்சம்? 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, 2022-ல் திட்டமிடலுக்கான பெருநகர எல்லை 1,189-லிருந்து 5,904 ஆனது. எல்லை விரிய விரிய ஏழைகளைத்தானே முதலில் ஓரத்துக்குத் தள்ளுகிறோம்?

பதிவு போட்டவரே, எங்கள் தெருவை எலி வளை என்று எழுதினீர்களே, அங்கேதான் என் அம்மா இன்னமும் இருக்கிறார். அந்தச் சந்துக்கு மரம் கேளுங்கள், நடைபாதை கேளுங்கள், கூடுதல் பஸ் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். காலி செய்யச் சொல்லாதீர்கள்.