கேமரா கொடுப்பதோடு வேலை முடியாது

உங்கள் கட்டுரையில், மக்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் படங்கள் வழியாக ஊரின் சுகாதாரத் தேவையை அறியும் போட்டோவாய்ஸ் முறையை நல்ல எளிமையாக விளக்கியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அது தொடங்கிய இடத்தைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், ஆய்வாளர்கள் கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் சேர்ந்து நடத்திய முயற்சியில், 62 கிராமத்துப் பெண்கள் படம் எடுத்தார்கள். அதில் ஒரு படம்: அம்மா சோளக்கொல்லையில் களை எடுக்கிறாள், ஓரத்தில் கைக்குழந்தை தனியாகக் கிடக்கிறது. கேள்வித்தாளை நீட்டி "உடம்புக்கு என்ன" என்று கேட்டிருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதை யாராவது சொல்லியிருப்பார்களா?

எந்தப் படம் முக்கியம் என்று எடுத்தவர்களே தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து பேசி, முடிவெடுக்கும் அதிகாரிகள் முன்னால் வைப்பதுதான் இதன் உயிர். இப்போது இதை நடத்துபவர்கள் பலர், மக்களைச் செல்போனில் எடுக்கச் சொல்லி, நல்ல படங்களைத் தாங்களே பொறுக்கி, ஒரு கண்காட்சியோடு முடித்துவிடுகிறார்கள். அப்புறம் படத்தில் இருப்பவரின் சம்மதம்! எடுத்தவர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, படத்தில் முகம் தெரிகிற பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். அடுத்த பகுதியில் இதை விரிவாக எழுதுங்கள்.