சம்டர் கோட்டை சின்ன மோதலா?

அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலை ஒரு கட்டுரை 'சின்ன மோதல்' என்று ஒதுக்குகிறது, அது சரியில்லை. 1861 ஏப்ரல் 12 விடியுமுன், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மத்திய அரசின் (வடக்கின்) கையில் இருந்த அந்தக் கோட்டை மீது குண்டு வீசியது. சுமார் 34 மணி நேரத் தாக்குதலில் ஒருவர்கூடச் சாகவில்லை, உண்மைதான் (சரணடைந்தபின் மரியாதை வேட்டு விபத்தில்தான் உயிர் போனது, என்ன கொடுமை!). ஆனால் கோட்டைக்கு உணவுதான் அனுப்புகிறேன் என்று அதிபர் லிங்கன் முன்பே சொல்லிவிட்டதால் முதலில் சுட்ட பழி தெற்கின் தலையில் விழுந்தது, அதுவரை இரண்டு மனதாக இருந்த வடக்கு கொதித்தெழுந்தது. மூன்றே நாளில் லிங்கன் 75,000 பேர் கொண்ட படை கேட்க, வர்ஜீனியா உட்பட இன்னும் நான்கு மாநிலங்கள் பிரிந்து போயின. வர்ஜீனியா போகாமல் இருந்திருந்தால் அந்த மாநிலத்துக்காரரும் பின்னாளில் தெற்கின் தளபதியுமான லீ எந்தப் பக்கம் நின்றிருப்பார்? அப்புறம், சுட உத்தரவிட்ட தெற்கின் தளபதி பியூரகார்டுக்கு ஒரு காலத்தில் பீரங்கிப் பாடம் நடத்தியவரே கோட்டைக்குள் வடக்கின் படைக்குத் தலைமை தாங்கிய ஆண்டர்சன்தான்.