கரைந்தால் போய்விடுமா?
குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு பனியோடு கரைந்து போய்விடும், கவலை வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அதிலுள்ள குளோரைடு மக்கிப் போகிற பொருளில்லை. ஏரியிலும் நிலத்தடி நீரிலும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே இருக்கும். சேலத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்புத்தான்; குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, பக்கெட் அடியில் பொருக்குத் தட்டி நிற்கும். நல்ல தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும், கையில் இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் உப்புக்குப் பதில் மணல் போட்டால் போதும் என்கிறார். சரி, மணல் பிடிமானம் தரும், ஆனால் பனியை உருக்காது, அப்புறம் சாக்கடையை அடைக்கும். பனி விழும் முன்பே உப்புக் கரைசலைத் தெளித்து, விழுந்ததை வழித்துத் தள்ளினால் உப்பு குறைவாகவே செலவாகும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பைக் கொட்டுவது பெரும்பாலும் வீண். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உப்பு தூவுகிறவர்களுக்கு, உப்பைக் குறைவாகப் பயன்படுத்துவதற்கென்றே பயிற்சி தருகிறார்கள்.